மூடாமல் மாற்றிய பதிவேடு

கடையை மூடிவிட்டு வெள்ளையடிக்க யாராலும் முடியும். உள்ளே ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே கடையைப் பக்கத்துக் கடைவீட்டு லாட்டுக்கு மாற்ற வேண்டும், ஒருவருடைய தே தாரேக் டீகூடச் சிந்தக் கூடாது என்றால் அதற்குத் தனி ஆள் வேண்டும். எங்கள் தரவுத்தள வேலையில் அந்தத் தனி ஆள் நான்தான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. இருபது வருஷமாகச் செய்கிறேன். நான் செய்த மாற்றத்துக்காக எந்தக் கவுண்டரிலும் "சிஸ்டம் டவுன்" என்று ஒரு தாள் ஒட்டப்பட்டதில்லை.

எங்கள் அலுவலகம் பிரிக்பீல்ட்ஸில், ஒரு பூக்கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. கிள்ளான் பள்ளத்தாக்கில் இருக்கும் சின்னச் சின்ன டயாலிசிஸ் நிலையங்களுக்கு மென்பொருள் செய்து கொடுக்கிறோம். சிறுநீரகம் கைவிட்டவர்கள் வாரத்துக்கு மூன்று நாள் வந்து, நான்கு மணி நேரம் நாற்காலியில் சாய்ந்து, ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு போகிற இடங்கள் அவை. "ரத்தம் கழுவுற எடம்" என்றுதான் ஊரில் சொல்வார்கள். யாருக்கு எந்த நாள், எந்த ஷிப்ட், எந்த நாற்காலி, உடம்பில் நீர் சேராதபோது அவருடைய எடை எவ்வளவு என்பதெல்லாம் எங்கள் நோயாளிப் பதிவேட்டில் இருக்கிறது. ஆளுக்கு ஒரு வரி. அந்த வரி இல்லாமல் போனால் அவருடைய நாற்காலி காலி என்று கணினி நினைத்துக்கொள்ளும். காத்திருப்போர் பட்டியலில் இருக்கும் அடுத்தவருக்கு அதைத் தூக்கிக் கொடுத்துவிடும். ஒரு முறை தவறினாலே கால் வீங்கும், மூச்சு வாங்கும். அதனால் அந்தப் பதிவேட்டை அரை மணி நேரம்கூட மூடக் கூடாது, அதிலிருந்து ஒரு வரிகூடத் தொலையக் கூடாது.

அப்படிப்பட்ட பதிவேட்டைத்தான் நான் மாற்ற வேண்டியிருந்தது. அதை முதலில் வடிவமைத்த மனிதர் எங்கள் அலுவலகத்தை விட்டுப் போய் வெகு காலமாகிறது. இருந்திருந்தால் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். ஸ்கேன் செய்த மருத்துவக் கடிதங்கள், ரத்தப் பரிசோதனைத் தாள்கள் எல்லாவற்றையும் படமாக அதே வரிக்குள் திணித்து வைத்திருந்தார். ஆள் கணக்கில் சின்னதாக இருந்தாலும் எடைக் கணக்கில் அந்தப் பதிவேடு பூதம் போல வீங்கியிருந்தது. நேரடியாக மாற்றச் சொன்னால், மாறி முடிக்கும்வரை ஒருவரும் அதில் எதுவும் எழுத முடியாது. சோதனைப் பிரதியில் செய்து பார்த்தபோது நான் சாப்பிட்டு, கை கழுவி, பூக்கடைக்காரரோடு அரட்டை அடித்துவிட்டு வந்த பிறகும் அது முடியவில்லை.

ஆகவே மூடாமல் மாற்றும் முறை. புது வடிவத்தில் காலியான ஒரு டேபிளை, அதாவது கணினிக்குள் ஒரு அட்டவணையை, பக்கத்தில் உருவாக்க வேண்டும். பழையதிலிருந்து வரிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரதி எடுக்க வேண்டும். அந்த நேரத்தில் பழையதில் யாராவது எதையாவது திருத்தினால் அதையும் புதியதில் சேர்க்க வேண்டும். இரண்டும் ஒன்றான பிறகு பெயரை மட்டும் மாற்றிவிட்டால், புதியது பழையதின் இடத்தில் உட்கார்ந்துவிடும். இதற்கென்றே ஒரு கருவி இருக்கிறது. ஆனால் மாப்பிள்ளை வீட்டாரைப் போல அது கேட்கும் சீர்வரிசை கொஞ்சநஞ்சமல்ல.

ஒவ்வொரு வரிக்கும் தனி அடையாளம் வேண்டும், இல்லையென்றால் எதுவரை எடுத்தோம் என்று அதற்குத் தெரியாது. நல்லவேளையாகப் பதிவு எண் என்று ஒன்று இருந்தது. டிஸ்கில் இன்னொரு பதிவேடு கொள்ளும் அளவுக்கு இடம் வேண்டும். முதலாளியிடம் கேட்டு வாங்கினேன், அவர் முகம் போன போக்கைச் சொல்ல வேண்டாம். பிறகு ஃபாரின் கீ. மற்ற டேபிள்களை இந்தப் பதிவேட்டோடு பிணைக்கும் கட்டு அது. பதிவேட்டில் ஆளே இல்லாதபோது அவர் பெயரில் எதையாவது எழுத முயன்றால் உடனே தடுத்துக் கத்தும். அந்தக் கட்டுகள் இருக்கும்வரை கருவி கிட்ட வராது. எல்லாவற்றையும் அவிழ்த்தேன், வேலை முடிந்ததும் திரும்பக் கட்டிக்கொள்ளலாம் என்று. பெயர் மாறும் கணத்தில் நீளமான அறிக்கை எதுவும் ஓடிக்கொண்டிருக்கக் கூடாது. அறிக்கை எடுக்கிறவர்களிடம் வியாழக்கிழமை மதியம் யாரும் விசைப்பலகையில் கை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது அவர்களுக்குத் தெரியும். யாரும் வைக்கவில்லை.

இதுவரை எல்லாம் சரி. தப்பு என் யோசனையில் இருந்தது. நோயாளிகளின் ஃபோனுக்கு நினைவூட்டல் அனுப்ப வேண்டும், அவர்களே ஃபோன் வழியாக உள்ளே வந்து நாளைப் பார்க்க வேண்டும் என்று முதலாளி ஆசைப்பட்டார், மாற்றமே அதற்கான புதுப் பத்திகளைச் சேர்க்கத்தான். அப்படியானால் ஃபோன் எண் ஒருவருக்கு ஒன்றுதான் இருக்க வேண்டும், அதே எண்ணோடு இரண்டாவது வரி வந்தால் டேபிள் ஏற்கக் கூடாது என்ற விதியையும் இந்த மாற்றத்திலேயே சேர்த்துவிடலாம் என்று சொன்னவள் நான். முதலாளி என் யோசனைக்குத் தலையாட்டினார்.

சோதனைப் பொறுப்பு என்னோடு வேலை செய்கிற ஒருத்தியுடையது. செராஸிலிருந்து வருபவள், என் வயதுக்காரி, என் கோபத்துக்கு அசராதவள்.

"ஒரே நம்பர் ரெண்டு பேருக்கு இருந்தா என்ன ஆகும்?" என்று கேட்டாள்.

"ஏன் இருக்கப் போவுது?"

"புருஷன் பொண்டாட்டி ஒரே நம்பர் குடுத்திருந்தா?"

"பாசார்ல கீரை விக்கிறவங்ககிட்டகூட ரெண்டு ஃபோன் இருக்கு லா. இது எந்தக் காலம்?"

"கேட்டேன், அவ்ளோதான்" என்று போய்விட்டாள்.

கருவியும் கேட்டது. இப்படி ஒரு விதியைச் சேர்த்துக்கொண்டே பிரதி எடுத்தால், ஒரே எண் கொண்ட வரிகளில் முதலில் வந்ததை வைத்துக்கொண்டு மற்றதைச் சத்தமில்லாமல் விட்டுவிடுவேன், தெரிந்துதான் செய்கிறாயா என்று அது எச்சரிக்கும். தெரிந்துதான் என்று தனியாக எழுதிக் கொடுத்தால்தான் நகரும். எழுதிக் கொடுத்தேன். சோதனைப் பிரதியில் மூன்று முறை ஒத்திகை பார்த்தேன். பழையதில் எத்தனை வரியோ புதியதிலும் அத்தனை வரி. மூன்று முறையும் பிசகவில்லை என்பதால், உண்மையான நாளில் வரிகளை எண்ணிப் பார்க்கும் வேலையைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன்.

வியாழக்கிழமை காலை பிரதி எடுக்க ஆரம்பித்துவிட்டு, கொமுட்டர் ரயிலில் கிள்ளானுக்குப் போனேன். பெயர் மாறும் நேரத்தில் நான் அலுவலகத்தில் இருக்க மாட்டேன். பதிவேட்டைப் பயன்படுத்துகிறவர்களின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வேன். திரையில் பச்சை விளக்கு எரிவதைவிட, கவுண்டரில் இருப்பவர் முகம் சுளிக்கிறாரா என்று பார்ப்பதைத்தான் நான் நம்புவேன். பிரதி எடுத்து முடித்தாலும், நான் சொல்லும்வரை கருவி பெயரை மாற்றாமல் காத்திருக்கும். அந்த ஒரு விசையை மட்டும் என் கையில் வைத்துக்கொள்வேன்.

கிள்ளான் நிலையம் இரண்டு கடைவீடுகளை இடித்துச் சேர்த்த கூடம். இரு பக்கமும் நாற்காலிகள், நடுவில் தாதிகள் நடக்க வழி. தாதியை இங்கே எல்லோரும் மிஸி என்பார்கள். கவுண்டரில் ஒரு பெண்மணி, இந்த நிலையம் தொடங்கிய நாளிலிருந்து இருப்பவர். கவுண்டர் அக்கா. மேசை ஓரத்தில் எனக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்தார். காலை ஷிப்ட் எழுந்துபோய்க்கொண்டிருந்தது. கருவி பிரதி முடிந்தது, காத்திருக்கிறேன் என்றது. மதிய ஷிப்ட் உட்கார்ந்து எடை எழுதத் தொடங்கியதும் மாற்றிவிடலாம் என்று கால் மேல் கால் போட்டு உட்கார்ந்தேன்.

வெளியே ஒரு வேன் வந்து நின்றது. ஓட்டுநர் அறுபதை நெருங்குபவர், முதலில் இறங்கி ஒவ்வொருவராகக் கை பிடித்து இறக்கினார். ஐந்து பேர் பழையவர்கள், யாரையும் கேட்காமல் எடை பார்க்கும் மேடையை நோக்கி வரிசையாகப் போனார்கள். ஆறாவது ஒரு அம்மா, இந்த நிலையத்துக்குப் புதியவர். கவுண்டர் அக்கா ஒரு தாளை எடுத்து அவருடைய விவரங்களை எழுதத் தொடங்கினார். பெயர், அடையாள அட்டை எண், முகவரி. அடுத்தது ஃபோன்.

"ஃபோன் நம்பர் வேன்காரரு நம்பர்தானே ஆன்டி?"

"ஆமாம்மா. எல்லாரும் அதத்தான் குடுக்கிறாங்களாம்."

அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. யாரையும் கேட்காமல் அந்த எண்ணை மனப்பாடமாக எழுதினார்.

மேல் போட்டிருந்த காலைக் கீழே இறக்கினேன். "அக்கா, இந்த நம்பர் எத்தன பேருக்குப் போட்டிருக்கீங்க?" என்று கேட்டேன்.

"வேன்ல வர்றவங்க எல்லாத்துக்கும் அதான். கூப்பிட்டா அவருதானே கூட்டியாருவாரு. ஏன், தப்பா?"

தப்பு அவருடையது அல்ல. நோயாளிகளின் உண்மையான எண்கள் வெளியே போகக் கூடாது என்பதற்காக, சோதனைப் பிரதியில் ஆளுக்கு ஒரு பொய் எண்ணைப் போட்டு வைத்திருந்தோம். எந்த எண்ணும் இரண்டாவது முறை வராதபடி கவனமாக, அழகாக அதற்கான நிரலை எழுதியவள் நான். மூன்று ஒத்திகையிலும் நான் சோதித்தது கிள்ளானை அல்ல, என் கற்பனையை.

நான் பட்டியலிலிருந்து அடித்துப்போட்ட வேலையை அப்போது செய்தேன். இரண்டு டேபிளிலும் வரிகளை எண்ணச் சொன்னேன். படங்களின் பாரத்தால் அது மெல்ல எண்ணியது. அந்த நேரத்தில் நான் மேசை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தேன். புதிய பதிவேட்டில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் காணோம். பட்டியலை எடுத்துப் பார்த்தால் எல்லா நிலையங்களிலும் இதே கதை. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் மகளுடைய எண். முதியோர் இல்லத்தில் இருப்பவர்கள் எல்லோருக்கும் இல்லத்தின் எண். கட்டுகளையும் நானே அவிழ்த்திருந்தேன் என்பதால் எதுவும் கத்தவில்லை.

வேன் எண்ணைத் தேடினேன். பழையதில் ஆறு வரி, புதியதில் ஒன்றே ஒன்று. அந்த ஒரு பெயரை மெல்ல ஓட்டுநரிடம் வாசித்துக் காட்டி, "அண்ணே, இவரு எந்த நாற்காலி?" என்று கேட்டேன்.

அவர் வாசலில் நின்ற வேனைத் திரும்பிப் பார்த்தார். "அவருதாம்மா என் வேன்ல மொத ஆளு. போன வருஷம் எறந்துட்டாரு. நாந்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்."

இறந்தவர்களின் பதிவையும் நாங்கள் அழிப்பதில்லை. பதிவு எண் வரிசையில் அவர் முந்தி வந்ததால் கருவி அவரை வைத்துக்கொண்டது. நிமிர்ந்து பார்த்தேன். எடை மேடையில் ஒருவர் ஏறிக்கொண்டிருந்தார், ஒருவர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார், மூன்று பேர் உட்கார்ந்து கையை நீட்டியிருந்தார்கள். நான் ஒரு விசையைத் தட்டினால் இந்த ஐந்து பேரும் இல்லை, போன வருஷம் போனவர் மட்டும் இருப்பார். என் வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

கருவியை நிறுத்தினேன். புதிய டேபிளை முழுதாக அழித்தேன். பழைய பதிவேட்டில் ஒரு எழுத்துகூட மாறியிருக்கவில்லை. இந்த முறையின் அருமை அதுதான், கடைசி நொடிவரை திரும்பி வர வழி இருக்கும். மிஸி எடை எழுதிக்கொண்டே போனார், ஐந்து நாற்காலிகளிலும் இயந்திரங்கள் ஓடத் தொடங்கின.

வாசலுக்குப் போய் முதலில் செராஸ்காரியைக் கூப்பிட்டேன். "நீ கேட்டது சரி. ஒரே நம்பர்ல ஆறு பேரு இருக்காங்க. நாந்தான் தப்பு" என்றேன்.

"மாத்திட்டியா?"

"இல்ல. நிறுத்திட்டேன்."

"அப்பப் பரவால்ல. சனிக்கெழம மறுபடி செய்யலாமா? உண்மையான நம்பர்லயே நான் ஒருவாட்டி செக் பண்ணித் தர்றேன்."

ஒரு வார்த்தை குத்திக்காட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவள் அந்த வாய்ப்பைத் தரவில்லை. பிறகு முதலாளியிடமும் மறைக்காமல் சொன்னேன். அவர் பெருமூச்சு விட்டு, "சரி, இப்ப அந்த விதி இல்லாம மாத்திருங்க. அப்புறமா எல்லார்கிட்டயும் சொந்த நம்பர் வாங்கிட்டு, விதியைப் போட்டுக்கலாம்" என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. சோம்பேறித்தனத்தில் வேன் எண்ணைக் கொடுத்திருக்கிறார்கள், கேட்டு வாங்கினால் தீர்ந்தது என்று நினைத்தேன்.

சனிக்கிழமை அதே மேசை ஓரம். இந்த முறை மூன்று தடவை எண்ணினேன், செராஸ்காரி பிரிக்பீல்ட்ஸிலிருந்து தனியாக ஒரு தடவை எண்ணினாள். மதிய ஷிப்ட் நடந்துகொண்டிருக்கும்போது, மிஸி ஒருவருடைய எடையை எழுதிவிட்டு அடுத்தவரிடம் நகர்ந்த இடைவெளியில் பெயரை மாற்றினேன். ஒரு நொடிக்கும் குறைவு. மிஸி அடுத்த எடையை எழுதினார், அது புதிய பதிவேட்டில் போய் உட்கார்ந்தது. அவிழ்த்த கட்டுகளை ஒவ்வொன்றாகத் திரும்பக் கட்டினேன், ஒன்றுகூட முரண்டு பிடிக்கவில்லை. யாரும் முகம் சுளிக்கவில்லை. நான் நல்ல வேலைக்காரி, அதில் எனக்குச் சந்தேகம் வந்ததில்லை, அன்றும் வரவில்லை.

கை காலியாக இருந்ததால் சொந்த எண் வாங்கும் வேலையை நானே தொடங்கலாம் என்று, வியாழக்கிழமை புதிதாக வந்த அம்மாவின் நாற்காலிக்குப் போனேன். ஒரு கையில் குழாய்கள், மறு கையில் ஃபோன். என்னுடையதைவிடப் புதிய ஃபோன். மகன் மெல்பர்னிலிருந்து வாங்கி அனுப்பியது என்றார், நான் கேட்காமலே.

"ஃபோன் வச்சிருக்கீங்களே ஆன்டி, அப்புறம் ஏன் வேன் நம்பரக் குடுத்தீங்க? உங்க நம்பரச் சொல்லுங்க, மாத்திர்றேன்."

"வேணாம்மா. அதே இருக்கட்டும்."

"மெசேஜ் உங்களுக்கே வரும் ஆன்டி. நல்லதுதானே?"

அவர் ஃபோனை மடியில் வைத்தார். "நான் தனியா இருக்கேன்மா. ஒரு நாளைக்கி நீங்க கூப்பிடறப்ப நான் எடுக்கலன்னா, நீங்க என்ன செய்வீங்க? மறுபடி கூப்பிடுவீங்க. என் மவனும் அங்கேருந்து கூப்பிட்டுக்கிட்டே இருப்பான். வேன்காரருதான் வந்து கதவத் தட்டுவாரு."

இருபது வருஷமாக ஃபோன் எண் என்ற அந்தப் பத்தியை ஒவ்வொரு பதிவேட்டிலும் உருவாக்கியிருக்கிறேன், அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும் என்று நம்பியிருக்கிறேன். மேசைக்குத் திரும்பி வந்து முதலாளியைக் கூப்பிட்டு, அந்த விதி இனி எப்போதும் வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டார். திங்கட்கிழமை நேரில் சொல்கிறேன் என்றேன்.

டேபிளில் ஒவ்வொரு பத்திக்கும் ஒரு விளக்கக் குறிப்பு எழுதி வைக்கலாம். அதை மாற்றுவதற்குப் பிரதி எடுக்க வேண்டாம், கட்டு அவிழ்க்க வேண்டாம், ஒரு வரிகூட நகராது, கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். அந்தப் பத்திக்கு "நோயாளியின் ஃபோன் எண்" என்று முதலில் வடிவமைத்தவர் எழுதி வைத்திருந்தார். அதை அழித்துவிட்டு, "கதவைத் தட்டப் போகிறவரின் எண்" என்று எழுதினேன்.